பிளாஸ்டிக் மாடலுக்கு பெயின்ட் அடிப்பது எப்படி: தின்னர், பிரஷ் முதல் ஏர்பிரஷ் வரை முழுமையான வழிகாட்டி

பெயின்ட் வாங்கப் போகும் முன் ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகும்: எந்தத் தின்னர் எந்தப் பெயின்டைக் கரைக்கும் என்பது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அது எந்த வகை என்று பார்க்காமல் விட்டால், மூன்றாவது கோட் அடிக்கும்போது முதல் கோட் சுருங்கிக்கொண்டு மேலே வரும். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, டெக்கால் என்ற நனைத்து ஒட்டும் சின்னம், வாஷ் என்ற கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயின்ட் என்று பின்னால் வரும் எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அதனால் கருவிகளுக்குப் போகும் முன் இதைப் பேசிவிடுவோம்.

பேச வசதியாக ஒரு மாடலைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காக, ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1940 கோடையில் பிரிட்டன் வானில் சண்டையிட்ட விமானம். மேலே டார்க் எர்த் என்ற பழுப்பும் டார்க் கிரீன் என்ற பச்சையும். அடியில் ஸ்கை என்ற வெளிறிய பச்சை. மொத்தம் மூன்றே நிறம்தான், ஆனால் மாஸ்கிங், அதாவது பெயின்ட் படக் கூடாத இடத்தை மூடுவது, அதிலிருந்து வாஷ் வரை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும். டாங்கோ காரோ கப்பலோ, எதைச் செய்தாலும் முறை பெரும்பாலும் இதேதான்.

பெயின்ட் வகைகள்

லாக்கர் முதல் வகை. ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் தயாரிக்கும் மிஸ்டர் கலர், டாமியாவின் எல்பி வரிசை, டாமியா டிஎஸ் ஸ்ப்ரே கேன்கள் எல்லாம் இதில் வரும். இதன் கரைப்பான் கடுமையானது. பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாகக் கடித்துக்கொண்டு ஒட்டுவதால், காய்ந்த பிறகு நகத்தால் உரசினாலும் வராது. நிமிடங்களில் காயும். வாசனையும் அதே அளவு கடுமை.

எனாமல் இரண்டாவது. ஹம்ப்ரோல் என்றதும் நினைவுக்கு வரும் 14 மி.லி. சின்ன டப்பாக்கள் இந்த வகை. எண்ணெய்ப் பெயின்டுக்குப் பங்காளி. மெதுவாகக் காயும், தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில மணி நேரம், முழுதாக இறுகச் சில நாள் ஆகும். அந்த நிதானம்தான் இதன் பலம். பிரஷ் போட்ட கோடு காய்வதற்குள் தானாகப் படிந்து சமமாகிவிடும்.

அக்ரிலிக் மூன்றாவது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. ஸ்பெயினின் வயெஹோ மாடல் கலர் முழுக்க நீர் சார்ந்தது. கண்ணுக்கு மருந்து விடுவது போன்ற சொட்டு பாட்டிலில் வரும். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசையும் லேபிளில் அக்ரிலிக்தான், பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவவும் முடியும். ஆனால் அதற்குள் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருக்கின்றன. மூடியைத் திறந்து முகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். முதலாவது பிரஷ்ஷுக்குப் பிறந்தது, இரண்டாவது, காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷுக்குப் பிறந்தது.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை நீர் சார்ந்த பெயின்டில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஊற்றினேன். பத்து விநாடியில் பால் திரிந்தது போலக் கட்டி கட்டியாக ஆகிவிட்டது. ஏர்பிரஷ் கோப்பைக்குள் நடந்த காரியம் அது. ஊசி, முனை எல்லாவற்றையும் கழற்றி, பல்குத்தும் குச்சியால் ரப்பர் போன்ற அந்தப் பிசினை எடுக்க ஒரு மாலை முழுதும் போனது. வயெஹோ மாதிரி நீர்ப் பெயின்டுக்கு அதனுடைய தின்னர் அல்லது தண்ணீர் மட்டும். டாமியா அக்ரிலிக்குக்கு எக்ஸ்-20ஏ தின்னரோ ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ சரி.

எதன் மேல் எது

மனதில் இருத்த வேண்டியது இவ்வளவுதான்: கடுமையான கரைப்பான் கீழே, மென்மையானது மேலே. லாக்கர் அடித்து, அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமல் அல்லது ஆயில் கலர். இந்த வரிசையில் போனால் மேலே வரும் எதுவும் கீழே இருப்பதைக் கரைக்காது. எனாமல் தின்னரில் நனைத்த பஞ்சால் காய்ந்த அக்ரிலிக்கைத் துடைத்தால் அக்ரிலிக் அசையாது, மேலே பூசிய எனாமல் வாஷ் மட்டும் வரும். வாஷ் போடும் கலையே இந்த ஒரு குணத்தை வைத்து நடப்பதுதான்.

இதைத் தலைகீழாக்கி எனாமலின் மேல் லாக்கரை அடித்தால், கீழே உள்ள எனாமல் ஊறி, சூடான பாலின் ஆடை மாதிரிச் சுருக்கம் விழும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். டாமியா அக்ரிலிக்கின் மேல் லாக்கர் கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சை அடிக்கலாம், ஆனால் மெல்லிய தூவலாக, ஒவ்வொரு தூவலும் காய்ந்த பிறகு அடுத்தது என்று போக வேண்டும். நனையும்படி அடித்தால் கீழே உள்ளது இளகிவிடும்.

ஹார்டுவேர் கடைத் தின்னர் பற்றி

நம் ஊரில் எல்லா ஹார்டுவேர் கடையிலும் என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கானது) கிடைக்கும். விலை மிகக் குறைவு. அதை மாடலின் மேல் கொண்டுபோகாதீர்கள். மாடல் செய்யப்பட்டிருப்பது பாலிஸ்டைரீனில்; என்சி தின்னரில் உள்ள கரைப்பான்கள் அதை நேரடியாக உருக்கிவிடும். ஆனால் உலோக ஏர்பிரஷ்ஷைக் கழுவ அது நன்றாக உதவும், ரப்பர் வளையங்களை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். பெயின்டில் கலக்க மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றதை வாங்குங்கள். விலை கூடத்தான், இருந்தாலும் இந்தத் தொழிலில் நான் யோசிக்காமல் காசு கொடுக்கும் ஒரே பொருள் அதுதான். அதில் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்ந்திருப்பதால் பெயின்ட் விழுந்த இடத்தில் படிந்து கண்ணாடி போல உட்கார்ந்துகொள்ளும். லாக்கருக்கு மட்டுமல்ல, டாமியா அக்ரிலிக்குக்கும் கலக்கலாம். எக்ஸ்-20ஏ கலந்து அடிப்பதைவிட வழவழப்பாக வரும்.

கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது மினரல் டர்பன்டைன். எனாமல் பிரஷ்ஷைக் கழுவ அது போதும். வாஷ் கலக்க நினைத்தால் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் எண்ணெய்க்கறை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது மாடலின் மேலும் நிற்கும்; ஓவியர்களுக்கான மணமற்ற வொயிட் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளலாம்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் ஐபிஏ என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நிறம் பிடிக்காமல் டாமியா அக்ரிலிக்கை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி அடிக்கவும் இதே ஐபிஏ உதவும், பிளாஸ்டிக்கைப் பாதிக்காது.

படி 1: கழுவுதல்

அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வர ஆலையில் பூசும் எண்ணெய்ப்பசை மாடல் கிட்டின் பாகங்கள் மேல் இருக்கலாம். ஒட்டும்போது நம் விரல் எண்ணெயும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய மெல்லிய டூத் பிரஷ். கழுவிவிட்டுத் துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள், துணியின் நூலிழை ஒட்டிக்கொள்ளும். இணைப்புக் கோடுகளை 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்திருக்க வேண்டும். தேய்த்த இடத்தில் விரல்நுனியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாது.

படி 2: பிடிப்பதற்கு ஏற்பாடு

கையால் பிடித்துக்கொண்டு பெயின்ட் அடிக்கக் கூடாது. சின்ன பாகங்களுக்கு மூங்கில் குச்சியின் நுனியில் குரோக்கடைல் கிளிப்பை மாட்டிக்கொண்டால் போதும். குச்சியை நட்டுவைக்க ஒரு தெர்மோகோல் கட்டி. ஸ்பிட்ஃபயரின் உடலுக்கு, புரொப்பெல்லர் வரும் துளையில் ஒரு குச்சியை இறுக்கமாகச் செருகிவிட்டால் விமானம் முழுவதையும் சுற்றிச் சுற்றித் திருப்பி அடிக்கலாம்.

படி 3: ப்ரைமர்

ப்ரைமருக்கு இரண்டு வேலை: பெயின்ட் பிடிக்க இடம் கொடுப்பது, ஒட்டுக் கோட்டின் குறையைக் காட்டிக்கொடுப்பது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சாம்பல், பச்சை, வெள்ளைப் புட்டி என்று பல நிறத்தில் இருக்கும் மாடல் ஒரே சாம்பலாக ஆனதும் மறைந்திருந்த பள்ளமெல்லாம் வெளியே வந்துவிடும்.

மிஸ்டர் சர்ஃபேசர் என்ற ப்ரைமர் 500, 1000, 1200, 1500 என்று எண்ணிட்டு வருகிறது. எண் கூடக் கூட பொடி மெல்லியது. 500 கீறலை நிரப்ப. விமானத்துக்கு 1000 அல்லது 1500. டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் ப்ரைமர் ஸ்ப்ரே கேனாகக் கிடைக்கும், ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு அதுவே வழி. இவை லாக்கர் வகை என்பதால் எல்லாவற்றுக்கும் கீழே நிற்கத் தகுதியானவை.

ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளும்படி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவார்கள். நம் வெயிலுக்கு அது தேவையே இல்லை. ஜப்பானியக் கேன்களில் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றே அச்சிட்டிருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடிக்கும்போது 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மாடலைக் கடந்து வெளியே போன பிறகு விரலை எடுங்கள். மாடலின் மேலேயே நிறுத்தினால் அந்த இடத்தில் சொட்டு விழும்.

டாமியா கேன்களில் டிஎஸ், ஏஎஸ் இரண்டும் நம் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் என்று போட்டிருப்பது ரேடியோ காரின் பாலிகார்பனேட் உடலுக்கானது, அதை எடுத்துவிடாதீர்கள்.

படி 4: பிரஷ்

பத்து பிரஷ் அடங்கிய செட் வாங்காதீர்கள். மூன்று நல்ல பிரஷ் போதும்: பெரிய பரப்புக்கு 8 மி.மீ. அளவில் மென்மையான சின்தெடிக் தட்டை பிரஷ், பொது வேலைக்கு 2 எண் உருண்டை, நுணுக்கத்துக்கு 0 எண். 10/0 போன்ற முடி மெலிந்த பிரஷ் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் நிற்கும் பெயின்ட் துளி மிகச் சிறியது. பிரஷ்ஷை மாடலுக்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடும். நல்ல நுனி உள்ள 1 எண் பிரஷ்ஷால் விமானியின் கண்ணையே வரையலாம்.

கோலின்ஸ்கி சேபிள் என்பது சைபீரிய மரநாய் வகையொன்றின் வால்முடி. விண்ட்சர் அண்ட் நியூட்டனின் சீரீஸ் 7 பிரஷ் 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது. இன்றும் உருவங்களுக்கு முகம் வரைபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். வயிற்றில் நிறையப் பெயின்டைத் தேக்கி, நுனியில் ஒரே முடி அளவுக்குக் கொடுக்கும். அதை நீர்ப் பெயின்டுக்கு மட்டும் வையுங்கள். லாக்கரும் கடுமையான தின்னரும் முடியிலுள்ள இயற்கை எண்ணெயை உறிஞ்சிவிடும், அப்புறம் நுனி சேராது. எந்த பிரஷ்ஷானாலும் பெயின்ட் முடியின் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. உலோகக் குப்பிக்குள் போய்க் காய்ந்த பெயின்ட்தான் முடியைப் பிரித்துவிடுகிறது.

படி 5: பிரஷ்ஷால் அடிக்கும் முறை

ஏர்பிரஷ் இல்லாமலேயே அழகான மாடல் செய்ய முடியும். நிறையப் பேர் செய்திருக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டைத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப் பெயின்ட் நம் வெப்பத்தில் தட்டிலேயே தோல் கட்டும். அதற்கு, மூடியுள்ள டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டு அதில் பெயின்டைக் கலக்கலாம். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் உலராமல் இருக்கும். டாமியாவை இதில் விடாதீர்கள், ஆல்கஹாலுக்கும் ஈரத் தாளுக்கும் ஒத்துவராது.

பெயின்டைப் பால் பதத்துக்கு இளக்குங்கள். முதல் கோட் கீழே உள்ள ப்ரைமர் தெரியும்படி திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அடிப்பதில்தான் மாடல்கள் கெடுகின்றன. முதல் கோட்டை இறக்கையின் நீளவாக்கில், அது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்குவாக்கில், தேவையானால் மூன்றாவது மறுபடி நீளவாக்கில். ஒருமுறை இழுத்த இடத்துக்கு அது காய்வதற்குள் திரும்பாதீர்கள். டாமியா அக்ரிலிக்கில் இது இன்னும் கண்டிப்பு: பாதி காய்ந்த கோட்டின் மேல் பிரஷ் பட்டால், புதுப் பெயின்டின் ஆல்கஹால் பழையதைக் கரைத்துச் சுருட்டிக்கொண்டு வந்து, நடுவில் வெறும் பிளாஸ்டிக் தெரியும் வட்டம் விழும். பிரஷ் மட்டும் வைத்திருப்பவர் வயெஹோ அல்லது எனாமல் வாங்குவதுதான் நல்லது.

படி 6: ஏர்பிரஷ், கம்ப்ரசர்

ஏர்பிரஷ்ஷில் டபுள் ஆக்ஷன் என்பதை வாங்குங்கள். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இரண்டும் தனித்தனியாக விரலின் கட்டுப்பாட்டில் இருக்கும். பெயின்ட் கோப்பை மேலே இருக்கும் மாதிரி போதும், இரண்டு சொட்டிலும் வேலை நடக்கும். முனை 0.3 மி.மீ. என்றால் எல்லாவற்றுக்கும் பொது. 0.2 மி.மீ. மெல்லிய கோட்டுக்கு, ஆனால் அடிக்கடி அடைக்கும். 0.5 மி.மீ. ப்ரைமருக்கும் பெரிய மாடலுக்கும். இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், ஜிஎஸ்ஐ கிரியோஸ் ஆகியவற்றுக்கு ஊசியும் முனையும் உதிரியாகக் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவுக் கருவியில் பழகலாம், ஆனால் ஊசி ஒருமுறை கீழே விழுந்து வளைந்தால் மாற்றுக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசரில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: 3 லிட்டர் அளவுக்காவது தொட்டி, அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் கண்ணாடிக் குமிழ். தொட்டி இல்லாவிட்டால் காற்று துடித்துத் துடித்து வரும். ஈரப் பிடிப்பான் கடலோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஆடம்பரமே கிடையாது. அமுக்கிய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு குமிழுக்குள் தண்ணீர் நிற்பதை நீங்களே பார்க்கலாம். அது இல்லாவிட்டால் அந்தச் சொட்டு நேராக ஸ்பிட்ஃபயரின் இறக்கையில்தான் விழும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்.

கலவை: டாமியா அக்ரிலிக் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு, லாக்கருக்கு ஒன்றுக்கு இரண்டு வரை. ஆனால் கணக்கைவிடப் பதம்தான் நம்பகம். பால் இருந்த டம்ளரைச் சாய்த்து நிமிர்த்தினால் உள்சுவரில் பால் மெல்லிய படலம் விட்டு இறங்கும் அல்லவா, கோப்பைக்குள் பெயின்ட் அப்படி இறங்க வேண்டும். தண்ணீர் போல உடனே ஓடினால் தின்னர் அதிகம். மோர்க்குழம்பு போல ஒட்டி நின்றால் குறைவு. அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 1 பார். தூரம் 8 முதல் 12 செ.மீ. முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், பிறகு காற்று. ஒரு பழைய செய்தித்தாளில் கோடும் புள்ளியுமாக அரை மணி நேரம் பழகிவிட்டு மாடலுக்கு வாருங்கள்.

பெயின்ட் மாடலில் விழும் கணத்தைக் கவனியுங்கள். விளக்கைச் சாய்வாக வைத்துப் பார்த்தால், விழும் இடம் ஒரு விநாடி ஈரமாக மினுங்கி, பிறகு மங்கும். அந்த ஒரு விநாடி மினுக்கம் இருந்தால் எல்லாம் சரி. மினுங்காமல் சொரசொரப்பாகப் பொடி போல விழுந்தால், பெயின்ட் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. அருகில் வாருங்கள் அல்லது தின்னரைக் கூட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இது அடிக்கடி நடக்கும். மினுக்கம் மங்காமல் குளமாக நின்றால் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

மழைக்காலத்தில் லாக்கர்

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, ஒரு காரின் உடலுக்குக் கறுப்பு லாக்கர் அடித்தேன். அடிக்கும்போது நிலைக்கண்ணாடி மாதிரி இருந்தது. கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் கூரை முழுதும் வெள்ளைப் பனி படர்ந்தது போல வெளுத்துக் கிடந்தது. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் காயாத படலத்தில் படிந்துவிடுகிறது. அன்று ஈரத் துணி போட்டால் மறுநாளும் காயாது என்ற நிலை இருந்தால் லாக்கரைத் தொடாதீர்கள்.

வெளுத்துவிட்டாலும் சுரண்ட வேண்டியதில்லை. வெயில் வந்த நாளில் வெறும் லெவலிங் தின்னரை ஏர்பிரஷ்ஷில் ஊற்றி மிக மெல்லிய தூவலாக மேலே விட்டேன். படலம் இளகி, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்ப வந்தது. அவசரப்படாமல் இரண்டு மூன்று தூவலாகச் செய்ய வேண்டிய வேலை.

படி 7: நிறங்களும் மாஸ்கிங்கும்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. ஸ்பிட்ஃபயரில் அடிப்பாகத்தின் ஸ்கைக்கு டாமியா எக்ஸ்எஃப்-21, அதை அடித்து ஒருநாள் விட்டு மூடிவிட்டு, மேலே பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52, கடைசியில் பச்சைக்கு எக்ஸ்எஃப்-81. டயருக்கு முழுக் கறுப்பை எடுக்காதீர்கள். சின்ன மாடலில் சுத்தக் கறுப்பு ஓட்டை போலத் தெரியும். எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் போன்ற சாம்பல் கலந்த கறுப்புதான் ரப்பராகத் தெரியும்.

மாஸ்கிங் டேப்பில் மஞ்சள் நிற டாமியா டேப் 6, 10, 18 மி.மீ. அகலங்களில் வருகிறது. சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் டேப் இதற்கு ஆகாது. பசை தங்கும், விளிம்பில் பெயின்ட் கசியும். புது டேப்பையும் ஒருமுறை கையின் பின்புறத்தில் ஒட்டி எடுத்து, பசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். ஒட்டியபின் விளிம்பைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், டேப்பைத் தன் மேலேயே மடித்து, தாழ்வாக, மெதுவாக உரிக்க வேண்டும்.

பழுப்புக்கும் பச்சைக்கும் இடையிலான வளைவுக் கோட்டுக்கு டேப் வேண்டாம். புளூ டாக் என்ற ஒட்டும் களிமண்ணை முறுக்குப் பிழிவது போல நீளமாக உருட்டி, வளைவின் மேல் வைத்து, காக்க வேண்டிய பழுப்புப் பக்கத்தை டேப் துண்டுகளால் மூடுங்கள். பிறகு செங்குத்தாக மேலிருந்து பச்சையை அடியுங்கள். உருளையின் அடிவளைவுக்குக் கீழே பெயின்ட் கொஞ்சமாகத் தூவி, கோட்டின் விளிம்பு மிக லேசாக மங்கலாகும். அளவைச் சுருக்கிய விமானத்தில் கண்ணுக்கு நிஜமாகப் படுவது அந்த மங்கல்தான்.

விமானியின் கண்ணாடிக் கூண்டுதான் பொறுமையைக் கேட்கும். செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனம் அளவாக வெட்டிய மாஸ்க் விற்கிறது. நீங்களே செய்வதானால் டேப்பை ஒட்டி, சட்டத்தின் மேட்டைக் குச்சியால் வெளிக்காட்டி, புது பிளேடால் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு அழுத்தம் கேட்கும், அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும்.

படி 8: கிளாஸ், டெக்கால்

மேட், அதாவது மினுக்கமில்லாத பெயின்டின் மேல் டெக்காலை நேராக ஒட்டினால், சொரசொரப்பின் பள்ளங்களில் காற்று சிக்கி, எழுத்துகளைச் சுற்றி வெள்ளி நிறப் படலம் தெரியும். அதனால் முதலில் எக்ஸ்-22 போன்ற, பளபளப்பு தரும் கிளாஸ் கிளியர், மெல்லிய மூன்று கோட். ஒருநாள் காய விடுங்கள்.

டெக்காலைத் தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து எடுத்து, தானாக நகரும் வரை ஈரத் துணியில் வையுங்கள். ஒட்டும் இடத்தில் டெக்கால் பிடிக்க உதவும் மைக்ரோ செட் என்ற திரவத்தைத் தடவி, டெக்காலை நகர்த்தி இறக்கி, காட்டன் பட்ஸால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிறகு மேலே டெக்காலை இளக்கும் மைக்ரோ சோல் திரவம். ஒரு நிமிடத்தில் டெக்கால் சுருங்கிக் கசங்கும், பார்த்தால் மனம் பதறும். கையை வைக்காதீர்கள். படலம் இளகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. காயக் காயத் தானாகவே இறுகி, விமானத் தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்குள் இறங்கி, பெயின்டால் வரைந்தது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் விரல் பட்டால் விமானப்படையின் வட்டச் சின்னம் கிழிந்துவிடும்.

படி 9: வாஷ்

டெக்காலின் மேல் ஒரு மெல்லிய கிளாஸ் அடித்துக் காப்பாற்றிய பிறகு, எனாமல் வாஷ். டாமியாவின் பேனல் லைன் அக்சென்ட் மூடியிலேயே பிரஷ்ஷுடன் வருகிறது. பேனல் கோட்டில் நுனியைத் தொட்டால் போதும், கறுப்புப் பழுப்பு திரவம் கோட்டுக்குள் தானாக ஓடும். அரை மணி கழித்து, எனாமல் தின்னரில் நனைத்துப் பிழிந்த காட்டன் பட்ஸால் காற்று ஓடும் திசையில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னால் துடையுங்கள். கோட்டுக்குள் இருப்பது நிற்கும், வெளியே இருப்பது வரும். முன்னே சொன்ன வரிசைக் கணக்கு இங்கே கண்ணுக்குத் தெரியும். அக்ரிலிக்குக்குப் பதிலாக எனாமலால் விமானத்தை அடித்து, மேலே கிளாஸ் காப்பும் இல்லாமல் விட்டிருந்தால், இந்தத் துடைப்பில் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.

பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கின் மேல் இந்த வாஷைக் குளிப்பாட்டாதீர்கள். கரைப்பான் உள்ளே ஊறி, இழுவிசையில் இருக்கும் இடங்களில் பிளாஸ்டிக் முறுகி விரிசல் விடும். சக்கரக் கால்கள் உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓவியர்களின் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர், கறுப்பு இரண்டு டியூப் இருந்தால் இஞ்சின் புகைக்கறை, எண்ணெய் வழிவு எல்லாம் செய்யலாம். டியூப்பிலிருந்து ஒரு துளியை அட்டைப் பெட்டித் துண்டின் மேல் அரை மணி வைத்தால் உபரி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் மினுக்கம் இல்லாமல் காயும்.

மூக்கும் நெருப்பும்

என்95 முகக்கவசம் பெயின்ட் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரித்துகள் நிரப்பிய, ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். முகமூடி போட்ட பிறகும் தின்னர் வாசனை வந்தால் கார்ட்ரிட்ஜின் காலம் முடிந்துவிட்டது. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். லாக்கர் அடிக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

ஏர்பிரஷ்ஷை நிறம் மாற்றும்போதெல்லாம் தின்னர் ஊற்றி, முனையைத் துணியால் மூடிக் காற்றைப் பின்னோக்கிக் குமிழவிட்டுக் கழுவுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் ஊசியைப் பின்பக்கமாக உருவி, துடைத்து, முனையில் ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.

படி 10: மேட் கோட்

கடைசியாக மேட் கிளியர். டாமியாவில் எக்ஸ்எஃப்-86, லாக்கரில் டிஎஸ்-80 ஸ்ப்ரே கேன். பாட்டிலை நன்றாக, இரண்டு நிமிடமாவது கலக்குங்கள். மினுக்கத்தைக் குறைக்கும் வெள்ளைப் பொடி அடியில் தங்கியிருந்தால் சில இடம் மினுங்கும், சில இடம் வெளுக்கும். கீழே எனாமல் வாஷ் இருப்பதால் இந்தக் கோட் லாக்கராக இருந்தால் மெல்லிய தூவல்தான். வாஷ் ஒரு வாரமாவது காய்ந்திருப்பது நல்லது.

அந்தக் கோட் விழுந்ததும் டெக்காலின் விளிம்பு மறைந்து, பழுப்பும் பச்சையும் ஒரே தோலாகச் சேர்ந்துவிடும். ஒருநாள் காய விட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பிளேடின் நுனியால் கண்ணாடிக் கூண்டின் மாஸ்க்கில் ஒரு மூலையைக் கிளப்பி, இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு துண்டாக உரித்தெடுங்கள்.